இரவில் மத்திய அலையை மூடும் டிஜிட்டல் இரைச்சல்: அது எங்கிருந்து வருகிறது, என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் ஒரு நேயர் கேட்டிருப்பது இது. பொழுது சாய்ந்த பிறகு தொலைதூர மத்திய அலை நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது அவருடைய நெடுநாள் பழக்கம். விருப்பமான நிலையம் ஒன்று இருக்கும் இடத்தில், நீராவி பீறிடுவதைப் போன்ற சீரான இரைச்சல் எழுந்து பேச்சை மூடிவிடுகிறது. பகலில் அது இல்லை. பக்கத்து அலைவரிசை எண்ணில் ஒலிக்கும் ஒரு பெரிய நிலையத்தின் இருபுறமும் அதே இரைச்சல் கேட்கிறது. இது தம்முடைய பெட்டியின் கோளாறா, அந்த நிலையத்தின் கோளாறா, யாரிடம் முறையிடுவது என்பன அவருடைய கேள்விகள்.

அவர் விவரிக்கும் அடையாளங்களைப் பார்த்தால், பெட்டியிலும் கோளாறு இல்லை; ஒலிபரப்பியிலும் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அந்தப் பெரிய நிலையம் தன் வழக்கமான ஒலிபரப்போடு எச்.டி. ரேடியோ எனப்படும் டிஜிட்டல் அலையையும் சேர்த்து அனுப்புகிறது. அவர் கேட்பது அந்த டிஜிட்டல் அலையைத்தான். பழுது என்றால் பழுது பார்த்துவிடலாம். இந்த இரைச்சலோ அந்த முறை அமைக்கப்பட்ட விதத்திலேயே இருப்பது. ஆகவே அது எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன: 1020, 1030, 1040 என்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவில் ஊர்தி அலை ஒன்றும், அதன் இருபுறமும் ஒலியைச் சுமக்கும் பக்கப்பட்டைகளும் உண்டு. எச்.டி. ரேடியோவின் கலப்பு முறையில், பழைய ஒலிபரப்பு நடுவில் இரு புறமும் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்குள் சுருக்கப்படுகிறது. டிஜிட்டல் தரவு நெருக்கமாக அடுக்கப்பட்ட பல சிறு ஊர்தி அலைகளில் ஏற்றப்படுகிறது. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 181.7 ஹெர்ட்ஸ். இவற்றுள் மிக வலுவானவை முதன்மைப் பக்கப்பட்டைகள். அவை நிலையத்தின் நடு எண்ணிலிருந்து 10.4 முதல் 14.7 கிலோஹெர்ட்ஸ் வரை, மேலும் கீழுமாக இரு புறமும் அமர்கின்றன. 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை வலிமை குறைந்த இரண்டாம் பக்கப்பட்டைகள் நிரப்புகின்றன. மூன்றாவது அடுக்கு ஒன்று பழைய ஒலிபரப்புக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறது. அது நமக்கு இங்கே முக்கியமில்லை.

இந்த எண்களை எடுத்து வரிசையில் வைத்துப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கும். 1030-இல் உள்ள நிலையம் கலப்பு முறையில் இயங்கினால், அதன் மேல் முதன்மைப் பக்கப்பட்டை 1040.4 முதல் 1044.7 கிலோஹெர்ட்ஸ் வரை விழுகிறது. அது 1040-இல் இருக்கும் நிலையத்தின் மேல் பாதி. கீழ் முதன்மைப் பக்கப்பட்டை 1020-இல் இருக்கும் நிலையத்தின் கீழ் பாதியில் விழுகிறது. தன் அலைவரிசைக்கு உள்ளேயே டிஜிட்டலை அனுப்பும் முறை என்றுதான் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த டிஜிட்டலின் வலுவான பகுதி முழுவதும் நிற்பது அண்டை வீட்டாரின் அலைவரிசையில்.

அளவு எவ்வளவு? ஒரு முதன்மைப் பக்கப்பட்டையில் 25 சிறு ஊர்தி அலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் நிலையத்தின் முதன்மை ஊர்தி அலையைவிட 30 டெசிபெல் தாழ்ந்தது. இருபத்தைந்தையும் கூட்டினால் பக்கப்பட்டை ஒவ்வொன்றும் 16 டெசிபெல் தாழ்வில் நிற்கிறது. டெசிபெலில் சொன்னால் சிறிதாகத் தோன்றும் இந்த அளவை வாட்டில் மாற்றிப் பாருங்கள்: 50 கிலோவாட் நிலையம் ஒன்று அண்டை எண் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 1250 வாட் டிஜிட்டல் இரைச்சலை அனுப்புகிறது. அமெரிக்காவில் இரவு நேரத்தில் இதைவிடக் குறைந்த திறனில் முழு நிகழ்ச்சியையும் ஒலிபரப்பும் சிறு நிலையங்கள் ஏராளம்.

அப்படியானால் பகலில் ஏன் கேட்பதில்லை என்பது அடுத்த கேள்வி. தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தின் டி அடுக்கு, சூரிய ஒளி இருக்கும்வரை மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பகலில் நிலத்தை ஒட்டிப் பரவும் தரை அலை மட்டுமே நமக்கு வந்து சேரும். அது சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். எண்களை ஒதுக்கும்போதே அண்டை எண் நிலையங்களைப் போதிய தூரத்தில் நிறுத்தியிருப்பதால், பகலில் ஒன்றின் பக்கப்பட்டை மற்றொன்றின் நேயரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைகிறது. அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்குகின்றன. 50 கிலோவாட் நிலையம் ஒன்று 1000 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒலிப்பது இந்த விண் அலையால்தான். நிகழ்ச்சியைச் சுமந்து செல்லும் அதே வழியில் டிஜிட்டல் பக்கப்பட்டைகளும் அதே தூரம் போகின்றன. இரவு வானம் ஒன்றை அனுமதித்து மற்றொன்றைத் தடுப்பதில்லை.

கேட்பவரின் இடத்தில், தொல்லை தரும் நிலையம் விரும்பிய நிலையத்தைவிட 16 டெசிபெல் வலுவாக இருந்தால் போதும். அதன் ஒரு பக்கப்பட்டையின் திறன், விரும்பிய நிலையத்தின் ஊர்தி அலைக்கே சமமாகிவிடும். பேச்சு அதற்கு வெகு முன்பே புரியாமல் போயிருக்கும். 500 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு பெரிய நிலையத்துக்கும் 1500 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இன்னொன்றுக்கும் இடையே இத்தகைய வேறுபாடு இரவில் எளிதாக ஏற்படும்.

அண்டை நிலையத் தொல்லை மத்திய அலைக்குப் புதிதல்ல என்று சிலர் பதில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆயினும் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1980-களின் இறுதியில், என்.ஆர்.எஸ்.சி. எனப்படும் தேசிய வானொலி முறைமைகள் குழு வகுத்த வரம்பை அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான எஃப்.சி.சி. தன் விதியாக ஏற்றுக்கொண்டது. நடு எண்ணிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் எழும் அலை, ஊர்தி அலையைவிடக் குறைந்தது 25 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அந்த வரம்பு. 300 ஹெர்ட்ஸ் அகலத்தில் அதை அளப்பார்கள். டிஜிட்டல் பக்கப்பட்டையை அதே 300 ஹெர்ட்ஸில் அளந்தால் சுமார் 28 டெசிபெல் தாழ்வு வருகிறது. வரம்புக்கு உட்பட்டதுதான், சட்டப்படி குறை சொல்ல இடமில்லை. ஆனால் பழைய ஒலிபரப்பு அந்த வரம்பை எப்போதாவது, ஓர் உச்சஸ்தாயி ஒலியின்போது கண நேரம் நெருங்கிவிட்டுத் தாழ்ந்துவிடும். டிஜிட்டல் அலையோ வரம்புக்கு மூன்று டெசிபெல் கீழே நொடி இடைவெளியின்றி, இரவு முழுவதும் நிற்கிறது. எப்போதாவது தொடக்கூடிய எல்லையாக வகுக்கப்பட்டதை நிரந்தர இருப்பிடமாக மாற்றிக்கொண்டதுதான் இந்த முறையின் சாமர்த்தியம். என் கருத்தில் அதன் அடிப்படைப் பிழையும் அதுவே.

எஃப்.சி.சி. இந்தச் சிக்கலை அறியாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2002 அக்டோபரில் ஐபிக்விட்டி நிறுவனத்தின் இந்த முறையை ஏற்றபோது, மத்திய அலை நிலையங்களுக்குப் பகல் நேர அனுமதி மட்டுமே தரப்பட்டது. 2007 மார்ச்சில் இரவுக்கும் இசைந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 14 முதல் அனுமதி நடைமுறைக்கு வந்தது. தொல்லை எழுந்தால் அவ்வப்போது தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அப்போது எடுக்கப்பட்ட நிலை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் அருகே ஏவன் ஊரில் 1040-இல் இயங்கும் டபிள்யூ.ஒய்.எஸ்.எல். நிலையம், பாஸ்டனின் 1030 நிலையமான டபிள்யூ.பி.இசட். இரவில் அனுப்பிய டிஜிட்டல் பக்கப்பட்டைகளைப் பற்றி எஃப்.சி.சி.யிடம் முறையிட்டது. உள்ளூர் நேயரையே இழக்கும் நிலை என்பதால் அந்த முறையீட்டுக்கு ஓர் அடித்தளம் இருந்தது.

தொலைதூர நேயருக்கு அந்த அடித்தளம் இல்லை. இதைச் சொல்வது வருத்தம்தான் என்றாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. ஏ வகுப்பு என்று அழைக்கப்படும் பெரிய நிலையங்களின் விண் அலைச் சேவை, அதே எண்ணில் இயங்கும் பிற நிலையங்களிடமிருந்து மட்டுமே பாதுகாக்கப்படுகிறது. மீட்டருக்கு 0.5 மில்லிவோல்ட் வலிமையோடு அந்த அலை எட்டும் எல்லைவரைதான் அந்தப் பாதுகாப்பு. அண்டை எண்ணிலிருந்து வரும் தொல்லையைப் பொறுத்தவரை, அதே நிலையத்தின் தரை அலைப் பகுதிக்குத்தான் இரவில் பாதுகாப்பு உண்டு. ஆகவே 1500 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 1040-ஐக் கேட்பவர், 1030-இன் பக்கப்பட்டையைப் பற்றி முறையிட்டால், விதியின் பார்வையில் அவர் கேட்டுக்கொண்டிருந்ததே ஒரு போனஸ். முறையிட விரும்பினால், விரும்பிய நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்குத் தேதி, நேரம், இடம், கேட்கப் பயன்படுத்திய கருவி ஆகியவற்றைக் குறித்து எழுதுவது, எஃப்.சி.சி.க்கு நேரே எழுதுவதைவிடப் பயன் தரும். ஒலிப்பதிவு ஒன்றும் இணைத்தால் நல்லது. தன் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் நேயரை இழக்கிறோம் என்று காட்ட முடிந்தால், வழக்காட வேண்டியது அந்த நிலையம்தான்.

முறையிடுவதற்கு முன், கேட்பது டிஜிட்டல் இரைச்சல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்குகளும், செல்பேசி மின்னூட்டிகளும், சூரிய மின்தகடுகளின் இன்வெர்ட்டர்களும் மத்திய அலையில் எழுப்பும் தொல்லையை டிஜிட்டல் மீது போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அடையாளம் காண்பது கடினமல்ல. வீட்டுக் கருவிகளின் தொல்லை ஒரே ஓர் எண்ணோடு நிற்காமல் பரவலாக எழும். பெரும்பாலும் அதில் மின்சாரத்தின் முனகல் கலந்திருக்கும். பெட்டியை மின்கலத்தில் இயக்கி வீட்டை விட்டு வெளியே எடுத்துச் சென்றால் குறையும். டிஜிட்டல் பக்கப்பட்டையோ ஒரு வலுவான நிலையத்தின் இரு அண்டை எண்களிலும் ஏறத்தாழ ஒரே தன்மையோடு ஒலிக்கும். நிலையத்தில் பேச்சு நின்று அமைதி விழுந்தாலும் அது குறையாது, பாட்டு உரத்தாலும் கூடாது. நடு எண்ணில் நிலையம் மங்கும்போது அண்டை எண்களின் இரைச்சலும் கிட்டத்தட்ட அதோடு சேர்ந்து மங்கும். பெட்டியைத் திருப்பி அந்த நிலையத்தை அடக்கினால் இரைச்சலும் சேர்ந்து அடங்கும். இந்தக் கடைசிச் சோதனையே எனக்கு மிகவும் நம்பகமானது.

இனிச் செய்யக்கூடியது. பெட்டியைத் திருப்புவது முதல் மருந்து. சிறிய வானொலிகளுக்குள் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டு, தன் இரு முனைகளும் காட்டும் திசைகளிலிருந்து வரும் அலையை மிகக் குறைவாக வாங்கும். தொல்லை தரும் நிலையம் தெற்கிலும் விரும்பிய நிலையம் மேற்கிலும் இருந்தால், தண்டின் முனையைத் தெற்கு நோக்கித் திருப்பினால் வேலை முடிந்தது. ஆனால் ராச்செஸ்டர் பகுதியில் இருந்துகொண்டு அயோவாவின் டெமாயின் நகரத்து 1040 நிலையமான டபிள்யூ.எச்.ஓ.வைக் கேட்க விரும்புபவருக்கு இது உதவாது. பாஸ்டன் அவருக்கு ஏறத்தாழ நேர் கிழக்கு, டெமாயின் ஏறத்தாழ நேர் மேற்கு. தண்டுக்கு முன் பின் வேறுபாடு தெரியாது. கிழக்கை அடக்கினால் மேற்கும் அடங்கிவிடும். அத்தகைய இடத்தில் வளைய ஏரியலோடு ஒரு செங்குத்துக் கம்பியையும் இணைத்து, ஒரு திசையை மட்டும் அடக்கும் ஏற்பாடு வேண்டும். விண் அலை மேலிருந்து சாய்வாக, தன் முனைவாக்கத்தை, அதாவது அதிரும் திசையை, மாற்றிக்கொண்டே வருவதால், தரை அலையை அடக்குவதைப் போல் அதை அவ்வளவு ஆழமாக அடக்கவும் முடியாது.

பட்டை அகலத்தைக் குறைக்கும் வடிகட்டியைத்தான் பலரும் முதலில் நாடுவார்கள். அது ஓரளவே பயன் தரும். இரைச்சல் விரும்பிய நிலையத்தின் ஒலி இருக்கும் அதே இடத்தில் அமர்ந்திருக்கும்போது, அகலத்தைக் குறைத்தால் பேச்சின் தெளிவும் சேர்ந்தே போகும்.

பக்கப்பட்டையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள பெட்டியோ, கணினியோடு இணையும் மென்பொருள் வானொலியோ கையில் இருந்தால் நிலைமை வேறு. மேலே சொன்ன எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1030-இன் முதன்மைப் பக்கப்பட்டை 1040-இன் மேல் பாதியில், அதாவது 1040.4-க்கு மேலே அமர்கிறது. 1035-க்கும் 1040-க்கும் இடையே இருப்பது வலிமை குறைந்த இரண்டாம் பக்கப்பட்டை மட்டுமே. ஆகவே 1040-இன் கீழ்ப் பக்கப்பட்டையை மட்டும் கேட்க வேண்டும். தொல்லை தரும் நிலையத்தைவிட்டு விலகியிருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே அண்டை நிலையத் தொல்லைக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் வழி. டிஜிட்டல் விஷயத்தில் அதை நேர்மாறாகத் திருப்பி, தொல்லை தரும் நிலையத்தை நோக்கியிருக்கும் பக்கத்தை எடுக்க வேண்டும். பெட்டியின் வடிகட்டி கூர்மையாக இருந்து 1030-இன் சொந்தப் பேச்சை வெளியே நிறுத்தினால், கிடைக்கும் ஆதாயம் 10 டெசிபெலுக்கு மேலாகவும் இருக்கலாம். 1050-இலும் கலப்பு முறை நிலையம் ஒன்று வலுவாக வந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்; அதன் கீழ் முதன்மைப் பக்கப்பட்டை 1035.3 முதல் 1039.6 வரை வந்து உட்காரும், 1040-க்கு எந்தப் பாதியும் மிஞ்சாது.

இவ்வளவு தொல்லையைத் தரும் டிஜிட்டல், இரவில் தன் சொந்த நேயருக்காவது உதவுகிறதா என்றால், நிலையத்தின் அருகில் இருப்பவருக்குத்தான் ஓரளவு உதவுகிறது. அதன் பக்கப்பட்டைகள் அண்டை எண்களில் நிற்பதால், இரவில் அந்த எண்களில் வந்து சேரும் தொலைதூர நிலையங்கள் எல்லாம் அதற்கு எதிரிகள். பிழை பெருகியதும் எச்.டி. பெட்டி பழைய ஒலிபரப்புக்குத் தானாக மாறிக்கொள்ளும். மீண்டும் சீரானதும் டிஜிட்டலுக்குத் திரும்பும். வலிமை ஏறி இறங்கும் இடங்களில் ஒலியின் தன்மை சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறுவது, இரண்டில் எது கிடைத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றச் செய்யும் அளவுக்கு எரிச்சலூட்டும்.

பல கோபுரங்களைக் கொண்டு திசைக் கட்டுப்பாட்டோடு ஒலிபரப்பும் நிலையங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் சில திசைகளில் அலை போகாதபடி அடக்குவது அந்த நிலையங்களின் கடமை. அந்த அடக்கம் நடு எண்ணுக்காகவே துல்லியமாகச் சீர்செய்யப்படுகிறது. அங்கிருந்து 10, 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அது அவ்வளவு ஆழமாக இருப்பதில்லை. எனவே அடக்கப்பட்ட திசையில் நிலையத்தின் பேச்சு மிக மெலிதாகவும், அதன் டிஜிட்டல் இரைச்சல் அதற்குப் பொருந்தாத வலிமையோடும் வரக்கூடும். இரைச்சலின் மூலத்தைத் தேடுபவர், அண்டை எண்ணில் வலுவான நிலையம் ஏதும் கேட்கவில்லையே என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறை மத்திய அலையில் பரவவில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் சில நூறு மட்டுமே அதை ஏற்றன. அவற்றுள்ளும் இரவில் நிறுத்தியவை, பிறகு முழுவதுமாகக் கைவிட்டவை பல. ஆகவே இரைச்சல் எங்கும் நிறைந்திருப்பதாக எண்ண வேண்டாம். எந்த நிலையங்கள் இன்னும் அனுப்புகின்றன என்பதைச் சொந்தக் காதால் வரிசை முழுவதும் ஒருமுறை தேடிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

பழைய ஒலிபரப்பை அடியோடு விட்டுவிட்டு டிஜிட்டலை மட்டும் அனுப்பும் முறையும் இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் ஊரில் 820-இல் உள்ள டபிள்யூ.டபிள்யூ.எஃப்.டி. 2018 ஜூலையில் அதைச் சோதனை அனுமதியுடன் தொடங்கியது. 2020 அக்டோபரில் எஃப்.சி.சி. எல்லா மத்திய அலை நிலையங்களும் விரும்பினால் அப்படி மாறிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அண்டை எண்களைப் பொறுத்தவரை இது கலப்பு முறையைவிட நாகரிகமானது: வலுவான பகுதி நடு எண்ணுக்கு இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது, மீதியும் எந்தப் புறத்திலும் 10-க்கு மேல் போவதில்லை. கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு நன்மையும் ஓர் இழப்பும் உண்டு. 1030-இல் உள்ள நிலையம் இப்படி மாறினால் 1040-இன் மேல் பாதி விடுபடும். ஆனால் அவர் கேட்கும் 1040 நிலையமே மாறிவிட்டால், அவருடைய பழைய பெட்டியில் அந்த எண்ணில் கேட்பது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். புதிய பெட்டி வாங்கினாலும், 1500 கிலோமீட்டர் விண் அலையில் வலிமை ஏறியிறங்கும்போது டிஜிட்டல் ஒலி பழைய ஒலிபரப்பைப் போல மங்கித் தெளியாது, அறுந்து போகும்.